காங் கேட்வே 2.8இலிருந்து 3க்கு மாறுவது எப்படி? காரைக்குடிப் பக்கத்துப் புதியவர்களுக்கு

காரைக்குடியில் ஓர் ஆச்சி பலகாரக் கடை நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். சீடை, மாவுருண்டை, மணகோலம், தேன்குழல் எல்லாம் ஆன்லைனில் சிங்கப்பூர், மலேசியா வரை போகின்றன. அவர் குடும்பத்துக்குக் கானாடுகாத்தானில் ஒரு பழைய வீடு உண்டு. அதன் அறைகளை விருந்தினருக்கு வாடகைக்கு விடுகிறார்கள். ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை ஒன்றும் இருக்கிறது. மூன்று தொழிலுக்கும் மூன்று சாஃப்ட்வேர். மூன்றுக்கும் முன்னால் நின்று, வரும் கோரிக்கைகளை வாங்கி உரிய சாஃப்ட்வேருக்கு அனுப்புவது ஒரே ஒரு காங் கேட்வே (Kong Gateway), பதிப்பு 2.8. அதை நிறுவியவர் பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். கல்லூரி முடித்து இப்போதுதான் சேர்ந்திருக்கும் உங்கள் கையில் பாஸ்வேர்டைக் கொடுத்து, "இதை 3க்கு ஏத்திடுங்க" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டார்கள்.

கடை கற்பனைதான். நிலைமை இந்தப் பக்கத்துச் சிறு நிறுவனங்கள் பலவற்றில் உண்டு. அந்த ஒரு வரிக்குள் என்னென்ன வேலை இருக்கிறது, எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

வேலையைத் தொடங்கும் முன்பே ஆச்சி கேட்பார்: "நல்லா ஓடிக்கிட்டுத்தானே இருக்கு, அதை எதுக்குத் தம்பி நோண்டுற?" நியாயமான கேள்வி. பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். காங் 3.0 வெளிவந்தது 2022 செப்டம்பரில். காசு கொடுத்து வாங்கும் எண்டர்பிரைஸ் பதிப்பில் 2.8க்கு நீண்டகால ஆதரவு தந்தார்கள். அதுவும் 2025 மார்ச்சில் முடிந்துவிட்டது. இனிமேல் 2.8இல் ஒரு பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தால் அடைத்துத் தர ஆள் கிடையாது. கானாடுகாத்தான் வீட்டுக்கு வெளிநாட்டு விருந்தினர் வந்தால் அரசுக்குத் தெரிவிப்பதற்காகப் பாஸ்போர்ட் விவரம் வாங்குகிறோம். அந்த விவரமும் இந்தக் கேட்வே வழியாகத்தான் போகிறது. இதைச் சொன்னால் ஆச்சி சம்மதித்துவிடுவார்.

கேட்வே என்ன செய்கிறது?

தெரிந்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். செட்டிநாட்டு வீட்டில் தெருவிலிருந்து வருகிறவர் நேரே அடுப்படிக்குப் போய்விட முடியாது. முகப்பிலேயே யார், என்ன வேலையாக வந்தார் என்று கேட்டு, வளவுக்கு அனுப்புவதா இரண்டாம் கட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்வார்கள். கேட்வேயின் வேலையும் அதுதான். செயலியிலிருந்தோ இணையதளத்திலிருந்தோ வரும் ஒவ்வொரு கோரிக்கையும் முதலில் காங்கிடம் வருகிறது. பாதையைப் பார்த்து, அனுமதிக்கான சாவியைச் (API key) சரிபார்த்து, அளவுக்கு மிஞ்சிக் கேட்கிறாரா என்று எண்ணி, அப்புறம்தான் உள்ளே இருக்கும் சாஃப்ட்வேருக்கு அனுப்புகிறது.

உள்ளே இருக்கும் சாஃப்ட்வேரைக் காங் 'சர்வீஸ்' என்கிறது. எந்தப் பாதை எந்த சர்வீஸுக்குப் போகும் என்று சொல்லும் விதி 'ரூட்'. சாவி பார்ப்பது, எண்ணுவது, லாக் எழுதுவது போன்ற வேலைகளைச் செய்பவை 'ப்ளகின்'. கோரிக்கை அனுப்புகிறவர் 'கன்ஸ்யூமர்'. இந்த நான்கு சொற்கள் போதும். இவற்றின் விவரமெல்லாம் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் இருக்கும்; டேட்டாபேஸ் இல்லாமல் ஒரே ஒரு யாமல் (YAML) அமைப்புக் கோப்பை வைத்தும் காங்கை ஓட்டலாம். வெளியிலிருந்து கோரிக்கைகள் வருவது 8000, 8443 போர்ட்டுகளில். நிர்வாகம் 8001இல். இந்த 8001 வெளி உலகத்துக்குத் திறந்து கிடக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். சாஃப்ட்வேரைத் தனிப் பொதியாக ஓட்டும் டாக்கரில் காங்கை ஓட்டும்போது, வழிகாட்டியில் இருந்ததை அப்படியே ஒட்டி, அதைத் திறந்து விட்டிருப்பது சகஜம். பதிப்பு மாற்றத்தை விட அவசரமான வேலை அது.

3இல் உண்மையில் மாறியது

புதுப் பதிப்பு என்றதும் எல்லாரும் 'புதியவை' பட்டியலைத்தான் திறப்பார்கள். நான் அதைக் கடைசியில் படிக்கச் சொல்வேன். முதலில் 'நீக்கப்பட்டவை', 'நடத்தை மாறியவை' என்ற பகுதிகளைப் படியுங்கள். உங்கள் கடையைப் படுக்க வைக்கக்கூடியது அங்கேதான் இருக்கிறது.

அந்தப் பகுதிகளை வாசித்தால் ஒரு போக்கு தெரியும். 2 வரிசையில் காங் பல இடங்களில் 'இவர் இதைத்தான் சொல்ல வந்திருப்பார்' என்று தானே முடிவு செய்துகொள்ளும். பழைய பெயரில் எழுதினாலும் ஏற்றுக்கொள்ளும். 3இல் இந்தத் தாராளம் போய்விட்டது. வேண்டியதைத் தெளிவாக எழுதினால் நடக்கும். இல்லாவிட்டால் எழுதியதை எழுதியபடியே எடுத்துக்கொள்ளும். நல்ல மாற்றம் என்பதே என் கருத்து. ஆனால் நான்கைந்து ஆண்டுகளாக அந்த ஊகத்தை நம்பி ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பை மாற்றுகிறவருக்குத்தான் வேலை. எங்கெங்கே ஊகத்தை நம்பியிருக்கிறோம் என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும்.

முதல் படி: இருப்பதைக் கணக்கெடுங்கள்

பதிப்பு எண்ணைப் பாருங்கள். 2.8க்கு முந்தையது என்றால் முதலில் 2.8க்கு வாருங்கள். அதற்கும் பின்னாலிருந்து நேரே 3.0க்குத் தாவ வழியில்லை.

அடுத்து டெக் என்ற கருவியை நிறுவுங்கள். காங் நிறுவனமே தருவது. காங்கில் இருக்கும் சர்வீஸ், ரூட், ப்ளகின் எல்லாவற்றையும் ஒரே யாமல் கோப்பாக இறக்கித் தரும். இறக்குவதற்கான கட்டளை 'டம்ப்'. பழைய வழிகாட்டிகளில் 'டெக் டம்ப்' என்று இருக்கும். பிந்தைய டெக் பதிப்புகளில் நடுவில் 'கேட்வே' என்ற சொல்லும் சேரும். இறக்கிய கோப்பை, மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கிட்டில் (Git) போட்டு வையுங்கள். இது தவிர போஸ்ட்கிரெஸுக்குத் தனியாக முழு பேக்கப் எடுங்கள். டெக் கோப்பு ஒன்றை மட்டும் நம்பிப் பயனில்லை, டேட்டாபேஸில் உள்ள அனைத்தும் அதில் வராது.

பேக்கப் எடுத்தால் போதாது. அதை வேறு மெஷினில் திருப்பி ஏற்றிப் பாருங்கள். எப்படியும் அடுத்த படியில் ஒத்திகைக்கு ஒரு நகல் வேண்டும். அதைப் பேக்கப்பிலிருந்தே உருவாக்கினால் இரண்டு வேலையும் ஒன்றாக முடியும்.

கணக்கெடுப்பில் இன்னும் ஒன்று உண்டு: இந்தக் கேட்வேயை யார் யார் பயன்படுத்துகிறார்கள்? கடையின் சொந்தச் செயலி தெரியும். சென்னையிலிருந்து அறை முன்பதிவு செய்யும் பயண ஏஜென்ட், பார்சல் நிலையைக் கேட்டு வரும் கூரியர் சாஃப்ட்வேர், மொத்த விலை பார்க்கும் டைல்ஸ் டீலர்கள் என்று நாலு பேர் இருப்பார்கள். கன்ஸ்யூமர் பட்டியலையும் ஒரு மாத லாக்கையும் ஒப்பிட்டுப் பார்த்தால் நிலவரம் தெரியும். பட்டியலில் இருந்தும் லாக்கில் தலைகாட்டாதவர்களின் சாவியை இந்தச் சாக்கில் ரத்து செய்துவிடலாம்.

எப்போது செய்வது? ஆடி மாதம் நல்லது. கல்யாணம் இல்லாததால் பலகார ஆர்டர் குறைவாக இருக்கும். புரட்டாசியிலிருந்து தீபாவளி ஆர்டர் ஏறத் தொடங்கிவிடும். மார்கழி, தையில் அறைகளுக்குக் கூட்டம். இதோடு, மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்த நாளில் வருகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சர்வர் எங்கேயோ கிளவுடில் இருக்கலாம், நீங்கள் இருப்பது காரைக்குடியில்.

இரண்டாம் படி: ஒத்திகைச் சர்வர்

பேக்கப்பைத் திருப்பி ஏற்றிய போஸ்ட்கிரெஸ் நகல் ஒன்று, அதன்மேல் 3.0 காங் ஒன்று. டாக்கரில் இரண்டையும் எழுப்ப அரை நாள்கூட ஆகாது. இந்த நகல் டேட்டாபேஸைப் புதிய வடிவத்துக்கு மாற்றுவதற்குக் காங்கில் 'மைக்ரேஷன்ஸ்' கட்டளை இருக்கிறது. இரண்டு கட்டமாக நடக்கும். முதலில் 'அப்': புதிய அட்டவணைகளையும் பத்திகளையும் சேர்க்கும். பிறகு 'ஃபினிஷ்': பழையதைக் கழித்துக்கட்டி மாற்றத்தை முடிக்கும். ஃபினிஷ் ஆன டேட்டாபேஸுக்குப் பழைய 2.8ஐத் திரும்பக் கொண்டுவர முடியாது. நகல்தானே, தைரியமாக இரண்டையும் ஓட்டுங்கள். என்ன எச்சரிக்கை வருகிறது, எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

காங் எழும்பவே மறுக்கிறதா? பயப்பட வேண்டாம். பெரும்பாலும் சொந்தமாக எழுதிய ப்ளகின்தான் காரணமாக இருக்கும். அதற்குப் பிறகு வருவோம்.

மூன்றாம் படி: பாதைகள்

உங்கள் நேரத்தில் பாதி இங்கேதான் போகும், போகவும் வேண்டும்.

ரூட்டில் பாதையை இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று சாதாரணப் பாதை: /பலகாரம் என்று எழுதினால் அதில் தொடங்கும் எல்லாமே பொருந்தும், /பலகாரம்/சீடை உள்பட. மற்றது ரெஜெக்ஸ்: 'இங்கே ஏதோ ஓர் எண் வரும்' என்பது போன்ற மாதிரி. (உங்கள் கோப்பில் பாதைகள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் இருக்கும், இங்கே படிக்க எளிதாக இருக்கட்டும் என்று தமிழில் எழுதுகிறேன்.)

2.8இல் ஒரு பாதை சாதாரணமா, ரெஜெக்ஸா என்று நாம் சொல்வதில்லை. ஆங்கில எழுத்து, எண், புள்ளி, இடைக்கோடு, அடிக்கோடு, சாய்கோடு, சதவீதக்குறி, டில்டா ஆகியவை தவிர வேறு குறி ஏதாவது பாதையில் தென்பட்டால், இது ரெஜெக்ஸ் என்று காங்கே தீர்மானித்துக்கொள்ளும். 3.0இல் விதி ஒன்றுதான்: பாதை ~ என்ற டில்டாக் குறியோடு தொடங்கினால் ரெஜெக்ஸ், இல்லாவிட்டால் சாதாரணப் பாதை.

டைல்ஸ் பட்டறையை எடுத்துக்கொள்வோம். அதற்கு இரண்டு ரூட். ஒன்று /டைல்ஸ், எந்த டிசைன் என்ன நிறம் என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், சாவி வேண்டாம். இரண்டாவது டீலர்களுக்கான மொத்த விலை:

/டைல்ஸ்/[0-9]+/விலை$

இதற்குச் சாவி கேட்கும் ப்ளகின் மாட்டியிருக்கிறது. 2.8இல் அடைப்புக்குறியையும் கூட்டல் குறியையும் பார்த்து இது ரெஜெக்ஸ் என்று காங் புரிந்துகொண்டது. ரெஜெக்ஸ் பாதைகளைத்தான் முதலில் ஒப்பிடும். எனவே /டைல்ஸ்/204/விலை என்று கேட்டால் இரண்டாவது ரூட்டில் மாட்டும், சாவி கேட்கும்.

இதே வரியை மாற்றாமல் 3.0க்குக் கொண்டு போனால், பாதையில் உண்மையிலேயே அடைப்புக்குறியும் கூட்டல் குறியும் வர வேண்டும் என்று காங் எடுத்துக்கொள்ளும். அப்படி யாரும் கேட்கப் போவதில்லை. ஆகவே இரண்டாவது ரூட் செத்த ரூட். கோரிக்கைக்கு 404 (இப்படி ஒரு பாதை இல்லை) வந்தாலாவது உடனே தெரிந்துவிடும். இங்கே அதுவும் வராது. /டைல்ஸ் என்ற முதல் ரூட் அந்தக் கோரிக்கையைப் பிடித்துக்கொள்ளும், சாவி கேட்காமலே உள்ளே விடும். பின்னால் இருப்பது ஒரே சர்வீஸ் என்றால், மொத்த விலை ஊருக்கெல்லாம் திறந்து கிடக்கும். எல்லாம் 200 (சரி) என்று பச்சை விளக்கு காட்டிக்கொண்டிருக்கும். புகார் சொல்லவும் யாரும் வரமாட்டார்கள். இந்த மாற்றத்தில் 404ஐ விட 200க்குத்தான் நான் பயப்படுவேன்.

திருத்தம் எளிது. முன்னால் ஒரு டில்டா:

~/டைல்ஸ்/[0-9]+/விலை$

டேட்டாபேஸ் மாற்றத்தின்போது ரெஜெக்ஸ் போலத் தெரியும் பாதைகளுக்குக் காங்கே டில்டாவைச் சேர்த்துவிடும். 'அப்படியானால் எனக்கு என்ன வேலை' என்று கேட்காதீர்கள். கிட்டில் வைத்திருக்கும் யாமல் கோப்பு பழைய வடிவிலேயே இருக்கிறது. அதை டெக் வழியாக மறுபடி ஏற்றினால் டேட்டாபேஸில் சரியாக இருந்ததும் கெட்டுப் போகும். ஆகவே கோப்பையும் மாற்ற வேண்டும். அதற்கு டெக்கிலேயே 'கன்வர்ட்' என்ற கட்டளை இருக்கிறது. 2.x வடிவத்திலிருந்து 3.x வடிவத்துக்கு என்று சொல்லி, உள்ளே போகும் கோப்பையும் வெளியே வரும் கோப்பையும் கொடுத்தால், டில்டாக்களைச் சேர்த்து, கோப்பின் தலையில் உள்ள வடிவ எண்ணை 3.0 ஆக்கித் தரும்.

ஆனால் எந்த இயந்திரம் மாற்றினாலும் அதே பழைய ஊகத்தை வைத்துத்தான் மாற்றும். உங்கள் மனத்தில் இருந்தது அதற்குத் தெரியாது. பழைய கோப்பையும் புதிய கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மாறிய வரி ஒவ்வொன்றையும் கண்ணால் பாருங்கள். சாதாரணப் பாதையாக எழுதியதில் ஒரு கூட்டல் குறியோ அடைப்புக்குறியோ இருந்ததால் அது ரெஜெக்ஸ் ஆகியிருக்கலாம். இத்தனை நாளாக அது தவறாகத்தான் ஓடிக்கொண்டிருந்திருக்கும். இப்போது சரிசெய்ய நல்ல வாய்ப்பு.

பாதை விஷயத்தில் இன்னும் இரண்டு உண்டு. ரூட்டரையே 3.0இல் ரஸ்ட் மொழியில் புதிதாக எழுதியிருக்கிறார்கள். பழைய விதிகளையும் ஏற்கும் 'டிரெடிஷனல் கம்பேட்டிபிள்' என்ற முறைதான் இயல்பிருப்பு. நீங்கள் எதையும் மாற்றாவிட்டாலும் பாதைகளை ஒப்பிடுவது அந்தப் புதிய இன்ஜின்தான். ரஸ்டின் ரெஜெக்ஸில், முன்னால் என்ன இருக்கிறது, பின்னால் என்ன வரப்போகிறது என்று எட்டிப்பார்க்கும் 'லுக்அரவுண்ட்' வசதி கிடையாது. முன்பு பொருந்திய பகுதியை மறுபடி சுட்டும் வசதியும் கிடையாது. உங்கள் முன்னவர் புத்திசாலித்தனமாக அப்படி ஏதாவது எழுதி வைத்திருந்தால், அந்தப் பாதையை இரண்டு எளிய ரூட்டாகப் பிரித்து எழுதுங்கள். அவசரத்துக்குக் காங் அமைப்பில் ரூட்டர் வகையை 'டிரெடிஷனல்' என்று மாற்றிப் பழைய முறைக்கே போகவும் முடியும். எக்ஸ்பிரஷன்ஸ் என்று மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது, ரூட்டை நிபந்தனை வாக்கியமாகவே எழுதலாம். வசதியானதுதான், ஆனால் முதல் நாளே அதில் கைவைக்க வேண்டாம்.

இரண்டாவது, பாதையில் தமிழ் எழுத்தையே பயன்படுத்துகிறவர்களுக்கு. உலாவி அனுப்பும்போது தமிழ் எழுத்துகள் சதவீதக்குறியும் எண்ணுமாக நீண்டுவிடும் அல்லவா, அந்த நீண்ட வடிவத்தை ரெஜெக்ஸ் பாதைக்குள் எழுதியிருந்தால் 2.8 சமாளித்தது. 3.0இல் அந்தச் சமாளிப்பு இல்லை. ரெஜெக்ஸுக்குள் எழுத்துகளை நேராகவே எழுதுங்கள்.

எல்லாம் திருத்தியாயிற்றா? இப்போது ஒரு சோதனைப் பட்டியல் போடுங்கள். ஒவ்வொரு ரூட்டுக்கும் பொருந்த வேண்டிய முகவரி ஒன்று, பொருந்தவே கூடாத முகவரி ஒன்று. சாவி கேட்கும் ரூட் என்றால் சாவியோடு ஒரு தடவை, சாவியில்லாமல் ஒரு தடவை. இதைப் பழைய சர்வரிலும் ஒத்திகைச் சர்வரிலும் ஓட்டி விடைகளை ஒப்பிடுங்கள். நிலை எண் மட்டும் பார்த்தால் போதாது என்று மேலே சொன்ன 200 கதையிலேயே தெரிந்திருக்கும். எந்த ரூட்டில் மாட்டியது என்றும் தெரிய வேண்டும். கோரிக்கையில் 'காங்-டீபக்' என்ற ஹெட்டரை (கோரிக்கையோடு போகும் குறிப்பு வரி) 1 என்று அனுப்பினால், பதிலில் ரூட் பெயரும் சர்வீஸ் பெயரும் வரும். 3 வரிசையின் பிந்தைய பதிப்புகளில் இதற்கு அமைப்பில் தனியாக அனுமதி தர வேண்டும். ஒத்திகைச் சர்வரில் மட்டும் அந்த அனுமதியைக் கொடுங்கள்.

நான்காம் படி: ப்ளகின்கள்

பாதை அளவுக்கு இதில் சிக்கல் இல்லை. தேடிப் பார்த்து மாற்ற வேண்டியவை சில இருக்கின்றன, அவ்வளவுதான்.

யாரை விடுவது, யாரைத் தடுப்பது என்று பார்க்கும் ஏசிஎல், ஐபி ரெஸ்ட்ரிக்‌ஷன், பாட் டிடெக்‌ஷன் ஆகிய மூன்றிலும் 'பிளாக்லிஸ்ட்', 'ஒயிட்லிஸ்ட்' என்ற பழைய பெயர்களை நீக்கிவிட்டார்கள். 'டினை', 'அலவ்' மட்டுமே செல்லும். கோப்பில் தேடி மாற்றுவது ஐந்து நிமிட வேலை. ப்ரீ ஃபங்ஷன், போஸ்ட் ஃபங்ஷன் ப்ளகின்களில் 'ஃபங்ஷன்ஸ்' என்ற இடம் போய்விட்டது. அதில் லுவா மொழியில் எழுதிய நிரல் துண்டுகளை 'அக்செஸ்' என்ற இடத்துக்கு நகர்த்துங்கள்.

எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் ரேட் லிமிட்டிங் ப்ளகினில் கொஞ்சம் நின்று பாருங்கள். கணக்கை எங்கே வைத்துக்கொள்வது என்று சொல்லும் 'பாலிசி' இதில் உண்டு. அதைக் குறிப்பிடாமல் விட்டால் 3.0இல் அது 'லோக்கல்'. அதாவது ஒவ்வொரு காங் நோடும் (காங் ஓடும் ஒவ்வொரு சர்வரும்) தன் கணக்கைத் தானே வைத்துக்கொள்ளும், பக்கத்து நோடிடம் கேட்காது. பயண ஏஜென்டுக்கு நிமிடத்துக்கு 60 கோரிக்கை என்று வரம்பு வைத்து, காங் இரண்டு நோடில் ஓடுகிறது என்றால், அவரால் 120 வரை கேட்க முடியும். ஒரே நோடு வைத்திருப்பவருக்குக் கவலையில்லை. மற்றவர்கள் கணக்கைக் காங்கின் டேட்டாபேஸில் வைக்கும் கிளஸ்டரா, ரெடிஸ் என்ற தனிச் சேமிப்பில் வைக்கும் ரெடிஸா என்று கோப்பில் வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

உள்ளே இருக்கும் சாஃப்ட்வேர்களையும் ஒரு தடவை திறந்து பார்க்க வேண்டும். சாவியைச் சரிபார்த்த பிறகு, வந்தவர் யார் என்பதைக் காங் ஹெட்டராக உள்ளே அனுப்பும். 'எக்ஸ்-கிரெடென்ஷியல்-யூசர்நேம்' என்ற பழைய ஹெட்டர் 3.0இல் இல்லை, 'எக்ஸ்-கிரெடென்ஷியல்-ஐடென்டிஃபையர்' தான் வரும். அறை முன்பதிவு சாஃப்ட்வேர் பழைய பெயரைப் படித்துக்கொண்டிருந்தால், எல்லா முன்பதிவும் பெயரில்லாத ஆள் செய்தது போலப் பதிவாகும். கேட்வேயில் பிழை எதுவும் காட்டாது. அந்த சாஃப்ட்வேரின் நிரலில் பழைய பெயரைத் தேடிப் பாருங்கள். இரண்டு பெயரையும் படிக்கும்படி முன்கூட்டியே மாற்றிவிட்டால் மாறும் நாளில் அவசரமில்லை.

ப்ரோமிதியஸ் என்ற அளவீட்டுக் கருவியை வைத்துக் கண்காணிக்கிறீர்களா? 3.0க்கு மாறியதும் வரைபடங்கள் பாதி வெறுமையாகிவிடும். கேட்வே படுத்துவிட்டது என்று நினைத்து ஓடாதீர்கள். நிலை எண், தாமதம், போய்வரும் தரவின் அளவு (பேண்ட்வித்), பின்னால் உள்ள சர்வரின் நலம் ஆகிய அளவீடுகள் கேட்வேக்குச் சுமை என்பதால் இயல்பாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வேண்டியதை நீங்கள்தான் இயக்க வேண்டும். சில அளவீடுகளின் பெயரும் மாறியிருக்கிறது. மாறும் நாளில் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுகிற நிலை வராதபடி, வரைபடங்களை ஒத்திகையிலேயே சரிசெய்து வையுங்கள்.

ப்ளகின்கள் எந்த வரிசையில் ஓடும் என்பதற்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு முன்னுரிமை எண் உண்டு. முன்பு சில ப்ளகின்களுக்கு ஒரே எண் இருந்தது. 3.0இல் காங்கோடு வரும் எல்லாவற்றுக்கும் தனித்தனி எண் கொடுத்துவிட்டார்கள். கோரிக்கைக்கு அடையாள எண் இடும் கோரிலேஷன் ஐடி, கடைசியிலிருந்து வரிசையின் முன்பக்கத்துக்கு வந்துவிட்டது. சாவி இல்லாமல் திருப்பி அனுப்பப்பட்ட கோரிக்கைக்கும் இனி அடையாள எண் இருக்கும் என்பதால் லாக் தேடுவது எளிது. வரிசையை நாமே மாற்றிக்கொள்ளும் வசதியும் 3.0இல் வந்தது, ஆனால் எண்டர்பிரைஸில் மட்டும்.

அப்புறம் சொந்த ப்ளகின். ஜிஎஸ்டி எண்ணைச் சரிபார்க்க, பழைய செயலிக்குப் பதிலை மாற்றிக் கொடுக்க என்று முன்னவர் லுவாவில் ஏதாவது எழுதியிருப்பார். கோப்பின் தலையில் 'பேஸ் ப்ளகின்' என்று ஒன்றை அழைத்திருக்கிறாரா பாருங்கள். அந்த அடிப்படைப் பகுதியையே 3.0இல் எடுத்துவிட்டார்கள். அந்த வரியையும், ஒவ்வொரு ஃபங்ஷனிலும் அதைக் கூப்பிடும் வரியையும் நீக்குங்கள். கூடவே 'ப்ரையாரிட்டி', 'வெர்ஷன்' இரண்டும் கட்டாயம்: முதலாவது முழு எண், இரண்டாவது 1.0.0 போல மூன்று பகுதி எண். இவை இல்லாத ப்ளகினை 3.0 ஏற்றவே ஏற்றாது. ஒத்திகையில் காங் எழும்பாததற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

புதியவை பற்றி

சொன்னபடி கடைசியில் வந்துவிட்டோம். ஓபன்டெலிமெட்ரி ப்ளகின் 3.0இல் புதிது, இலவசப் பதிப்பிலும் உண்டு. ஓர் ஆர்டர் கேட்வேயில் எவ்வளவு நேரம், கடை சாஃப்ட்வேரில் எவ்வளவு நேரம் நின்றது என்று பிரித்துக் காட்டும். ஆனால் மாற்றம் முடிந்து ஒரு மாதம் கழித்து இயக்குங்கள்; ஒரே நாளில் பத்து விஷயத்தை மாற்றினால் எதனால் எது கெட்டது என்று தெரியாது. வெப்சாக்கெட்டுக்கான ப்ளகின்கள், அமெரிக்க அரசின் குறியாக்கத் தரத்துக்கு ஏற்ற தனிப் பொதி போன்றவை எண்டர்பிரைஸ் சமாசாரம். பலகாரக் கடைக்கு வேண்டாம்.

ஐந்தாம் படி: மாறும் நாள்

ஓடுகிற டேட்டாபேஸிலேயே கைவைத்து மாற்றும் முறைகள் இருக்கின்றன. புதியவருக்கு நான் அவற்றைச் சொல்லமாட்டேன். பழையதைத் தொடாமல், பக்கத்திலேயே புதியதை முழுமையாக எழுப்பி, போக்குவரத்தை மட்டும் திருப்புங்கள். கொஞ்சம் கூடுதல் சர்வர் செலவு ஆகும். ஆச்சியிடம் கேட்டு வாங்கிவிடுங்கள்.

முந்தைய நாளே, இணையதளப் பெயரைச் சர்வர் முகவரியோடு இணைக்கும் டிஎன்எஸ் பதிவின் ஆயுளைச் சில நிமிடங்களுக்குக் குறைத்து வையுங்கள். அன்று முதல் கேட்வேயில் யாரும் எதையும் மாற்றக் கூடாது; புதிய சாவி கேட்டு டீலர் ஃபோன் செய்தாலும் 'நாளைக்குத் தருகிறேன்' என்று சொல்லிவிடுங்கள். மாறும் நாளில் புதிதாக ஒரு பேக்கப் எடுத்து, அதைப் புதிய டேட்டாபேஸில் ஏற்றி, 'அப்', 'ஃபினிஷ்' இரண்டையும் ஓட்டுங்கள். டில்டா சேர்த்த யாமல் கோப்பை டெக்கின் 'டிஃப்' கட்டளையில் கொடுத்தால் டேட்டாபேஸுக்கும் கோப்புக்கும் என்ன வித்தியாசம் என்று காட்டும். ஒத்திகையில் பார்த்ததே வந்தால் 'சிங்க்' கட்டளையால் கோப்பைக் காங்கில் ஏற்றுங்கள். புதிதாக ஏதாவது தென்பட்டால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். மூன்றாம் படியில் போட்ட சோதனைப் பட்டியலை மறுபடி முழுமையாக ஓட்டுங்கள்.

சரியாக இருந்தால் போக்குவரத்தைத் திருப்பலாம். கோரிக்கைகளைப் பங்கிட்டு அனுப்பும் லோட் பேலன்சர் இருந்தால் முதலில் பத்தில் ஒரு பங்கு, பிறகு பாதி, பிறகு முழுவதும். டிஎன்எஸ் மட்டும் என்றால் ஒரேயடியாகத்தான் திரும்பும். ஏதாவது தப்பாகத் தெரிந்தால் பழைய முகவரிக்கே திருப்பிவிடுங்கள், பழைய 2.8 அதன் டேட்டாபேஸோடு தொடப்படாமல் இருக்கிறது. திருப்பிய பிறகு சாவகாசமாகக் காரணம் தேடலாம்.

சிங்கப்பூர் நேரம் நம்மை விட இரண்டரை மணி நேரம் முன்னால். அங்கே இருப்பவர்கள் காலை எழுந்து ஆர்டர் போடுவது நமக்கு அதிகாலை. நள்ளிரவு தாண்டி இரண்டு மணிவாக்கில் மாற்றினால், நம் ஊரிலும் அங்கேயும் ஆர்டர் மிகக் குறைவாக இருக்கும்.

மாறிய பிறகு

முதல் வாரம் லாக்கில் இரண்டைப் பாருங்கள். ஒன்று, 404 பதில்களில் 'எந்த ரூட்டும் பொருந்தவில்லை' என்ற பொருளில் வரும் செய்தி. எந்தப் பாதைக்கு அது வருகிறது என்று பிரித்தால், விட்டுப்போன டில்டா தெரிந்துவிடும். மற்றது, சாவி கேட்க வேண்டிய ரூட்டுகளில் வரும் 401 (அனுமதியில்லை) எண்ணிக்கை. முன்பு தினமும் சில 401 வந்துகொண்டிருந்து இப்போது திடீரென்று ஒன்றுமே வரவில்லை என்றால் சந்தோஷப்பட வேண்டாம், அந்த ரூட் செத்துப்போய் வேறு ரூட் கோரிக்கைகளைப் பிடித்துக்கொண்டிருக்கலாம்.

3.0ஓடு நின்றுவிடவும் வேண்டாம். எண்டர்பிரைஸ் வைத்திருப்பவர்களுக்கு 2.8இலிருந்து நேராக 3.4 நீண்டகால ஆதரவுப் பதிப்புக்குப் போகும் வழியைக் காங் நிறுவனமே தந்திருக்கிறது. மேலே சொன்ன எல்லாச் சரிபார்ப்பும் அதற்கும் பொருந்தும். 2023இல் வந்த அந்த 3.4இல் கசாண்ட்ரா டேட்டாபேஸுக்கான ஆதரவை முழுவதும் எடுத்துவிட்டார்கள். கசாண்ட்ராவில் இருப்பவர்கள் முதலில் போஸ்ட்கிரெஸுக்கு மாற வேண்டும், அது தனி வேலை. இலவசப் பதிப்பிலும் திரையில் பார்த்து நிர்வகிக்கும் காங் மேனேஜர் வந்தது 3.4இல்தான், 8002 போர்ட்டில். 8001க்குச் சொன்ன எச்சரிக்கை இதற்கும் உண்டு.

பழைய 2.8 சர்வரை ஒரு மாதச் சுற்றாவது நிறுத்தி வையுங்கள், அழிக்க வேண்டாம். மாதக் கணக்கு முடிக்கும்போது மட்டும் ஓடும் ஏதாவது ஒரு சாஃப்ட்வேர் பழைய ஐபி முகவரியை நேராகப் பிடித்து வைத்திருக்கும். மாதக் கடைசியில்தான் அது கத்தும். அதையும் புதிய முகவரிக்குத் திருப்பிவிட்டு, பழைய லாக் கோப்புகளையும் கடைசி பேக்கப்பையும் தனியே எடுத்து வைத்துவிட்டு, பிறகு அந்தச் சர்வரை நீக்குங்கள். அதில் இருந்த டேட்டாபேஸ் பாஸ்வேர்டையும் அன்றே மாற்றிவிடுங்கள்.